கரைந்த உப்பும் காணாத கிருமியும்

குழந்தைகளுக்கு நல்ல பழக்கங்களைக் கற்பிக்கும் படப்புத்தகங்கள் பெரும்பாலும் கை கழுவுதல், பல் துலக்குதல், காய்கறி உண்ணுதல் என்ற மூன்று செயல்களையே மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்கின்றன. மூன்றும் எளியவை போலத் தோன்றினாலும், இவற்றின் பயன் கண்ணுக்குப் புலப்படாததாகவும் காலம் கடந்தே வெளிப்படுவதாகவும் இருப்பதால், மூன்றிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தையின் மனத்துக்கு இவை கடினமான பாடங்களாகின்றன. அடுப்பைத் தொட்ட விரல் அந்தக் கணமே பின்வாங்கக் கற்றுக்கொள்கிறது. கழுவாத கையால் உண்ட குழந்தைக்கோ வயிற்றுப்போக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வருகிறது, பல முறை வராமலேயும் போய்விடுகிறது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே இவ்வளவு தொலைவு விழும்போது பட்டறிவு ஆசிரியராக இருக்க முடிவதில்லை. பட்டறிவு கைவிடும் அந்த இடத்தில்தான் கதையும் படமும் தேவைப்படுகின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில், மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்துள்ள மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரியை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூனிமேடு அமைந்துள்ளது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளிச் சதுப்பு நிலம், இடையே மீனவர் குப்பமும் இசுலாமியர் பெருமளவில் வாழும் ஊரும் எனக் கிடக்கும் இந்த நிலத்தில் வளரும் குழந்தைக்கு, நகரத்துக் குழந்தைக்கு எளிதில் வாய்க்காத ஓர் அறிவு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. தெளிந்த நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்க முடியும் என்பதும், அது வெயிலில் வெள்ளை வெளேரென வெளிப்படும் என்பதும் இந்தக் கரையில் வயிற்றுப்பாட்டுக்கு உரிய உண்மைகள். உடல்நலத்தைப் பேசும் படப்புத்தகத்தின் தலையாய சிக்கல் கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டுவது என்பதேயாதலால், அச்சிக்கலை ஆராய இந்த உப்பங்கரை பொருத்தமான இடமாகிறது.

முதலில், படம் என்பது குழந்தைக்கு என்னவாகத் தோன்றுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் அச்சிட்ட பொருளைக் கையால் பற்றி எடுக்க முயல்வதையும், ஏறத்தாழ 19 மாதங்களில் அம்முயற்சி குறைந்து, படத்தைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லும் வழக்கம் அதன் இடத்தைப் பிடிப்பதையும் காட்டினர். புத்தகமே அரிதாக இருந்த ஐவரி கோஸ்ட்டின் பெங் இனக் குழந்தைகளும் அவ்வாறே படத்தைப் பற்ற முயன்றார்கள். தாளில் உள்ளது பொருள் அன்று, பொருளைக் குறிக்கும் அடையாளம் என்னும் அறிவு பிறவியிலேயே வருவதில்லை, பழகிப் பெறப்படுகிறது என்பது இதனால் விளங்குகிறது. ‘குறியீட்டறிவு’ என்று இதனை அழைக்கலாம். இந்த அறிவு அரும்பிய பிறகும் படத்தில் கற்றதை நிஜப் பொருளுக்கு எடுத்துச் செல்வது குழந்தைக்கு எளிதாக இருப்பதில்லை. பாட்ரிசியா கேனியாவும் டிலோச்சும் மற்றொருவரும் 2008இல் நடத்திய சோதனைகளில், புத்தகத்தில் ஒரு பொருளுக்குச் சொல்லப்பட்ட புதிய பெயரை நிஜப் பொருளுக்குப் பொருத்துவது, படம் ஒளிப்படத்தைப்போல உள்ளபடி இருந்தபோது நன்றாகவும் கேலிச்சித்திரமாக உருமாறியிருந்தபோது குறைவாகவும் நிகழ்ந்தது. உப்பங்கரைக் குழந்தையின் கையில், பனி பெய்யும் ஊரில் வெந்நீர்க் குழாயடியில் கை கழுவும் கரடிக்குட்டியின் கதையைக் கொடுத்தால், கதை இனிக்கும்; ஆனால் பிளாஸ்டிக் குடத்திலிருந்து குவளையால் மொண்டு ஊற்றும் தன் வீட்டு நீருக்கு அது எப்படிப் பொருந்தும் என்னும் பாலத்தைக் குழந்தையே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

விலங்குகளைக் கதைமாந்தராக்குவது பற்றியும் ஒரு சொல் இங்கே தேவை. டொராண்டோவில் நிக்கோல் லார்சனும் காங் லீயும் கேனியாவும் நான்கு முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பகிர்தலைப் பற்றிய ஒரே கதையை மனிதர் படத்தோடு கேட்டவர்கள் அதன்பின் தம் ஒட்டுப்படங்களைக் கூடுதலாகப் பிறருக்குக் கொடுத்தார்கள். உடை உடுத்திய விலங்குகளின் படத்தோடு கேட்டவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. பஞ்சதந்திர மரபில் ஊறிய மண்ணுக்கு இது சற்றுக் கசப்பான முடிவுதான். எனினும் இது பகிர்தலைப் பற்றிய ஆய்வேயன்றித் தூய்மைப் பழக்கத்தைப் பற்றியதன்று என்பதால், நரியையும் காக்கையையும் குழந்தை இலக்கியத்திலிருந்து வெளியேற்றுவதற்கு இதுவே போதுமான சான்றாகாது. கதையின் இன்பத்துக்கு விலங்கும், செய்து காட்ட வேண்டிய செயலுக்கு மனிதக் குழந்தையின் கையும் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை.

படப்புத்தகத்தால் பழக்கம் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. குழந்தைகளுக்கென்றே படங்களோடு ஆக்கப்பட்ட முதல் நூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் கொமேனியசின் ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ 1658இல் நியூரம்பெர்க்கில் வெளிவந்தது; அது பெரும்பாலும் உலகத்துப் பொருள்களைப் பெயர் சொல்லிக் காட்டுவதாகவே அமைந்தது. பழக்கங்களை நேரடியாக எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதும் பரவிய நூல், பிராங்ஃபர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் தம் மூன்று வயது மகனுக்காக எழுதி 1845இல் அச்சேற்றிய ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’ ஆகும். அதில் சூப்பு குடிக்க மறுத்த சிறுவன் ஐந்தே நாளில் மெலிந்து இறந்துபோகிறான்; விரல் சப்பியவனின் கட்டைவிரல்கள் கத்தரிக்கோலால் வெட்டப்படுகின்றன; நகமும் முடியும் வெட்டாதவன் எல்லோரும் அருவருக்கும் உருவமாக நிற்கிறான். ‘சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்’ என்று இடுப்பில் குழந்தையை வைத்துச் சோறூட்டும் வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள உறவு அண்ணன் தம்பி உறவே.

அச்சம் வேலை செய்கிறதா என்பதை அறிவியல் முறையில் சோதித்திருக்கிறார்கள். காங் லீயும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்து பார்க்கக்கூடாது என்று சொல்லப்பட்ட பொம்மையை ஒளிந்து பார்த்துவிட்ட, மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு வெவ்வேறு கதைகள் படித்துக்காட்டப்பட்டன. பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோவின் கதையும், பொய் சொன்னதால் ஓநாய்க்கு ஆட்டைப் பறிகொடுத்த இடைச்சிறுவனின் கதையும் குழந்தைகளின் உண்மை பேசும் போக்கை உயர்த்தவில்லை; மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் கதையே உயர்த்தியது. அந்தக் கதையின் முடிவை மாற்றித் தீய விளைவில் முடித்தபோது அதன் ஆற்றலும் மறைந்தது. தண்டனையைக் காட்டும் படம் குழந்தையின் மனத்தில் நிலைப்பதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அது நன்றாகவே நிலைக்கிறது, இரவில் கனவாகவும் வருகிறது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் போய்விடுகிறது.

இனி மையச் சிக்கலுக்கு வரலாம். கை கழுவும் கதைகளில் கிருமி என்பது பெரும்பாலும் கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட பச்சை நிறப் பேயாக வரையப்படுகிறது. ஓவியருக்கு அது வசதி. குழந்தைக்கோ அதனால் ஒரு தவறான முடிவு பிறக்கிறது. பேய் என்பது பார்த்தால் தெரியக்கூடியது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் குழந்தைக்குப் பேய் எதுவும் தெரியாததால், கை தூய்மையாகத்தான் இருக்கிறது என்று அது தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமையே கிருமியின் முதல் இயல்பாக இருக்க, அந்த இயல்பையே படம் அழித்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாததைச் சிறு குழந்தை நினைத்துப் பார்க்க இயலுமா என்ற கேள்விக்கு உளவியல் நெடுங்காலம் ‘இயலாது’ என்றே விடையளித்தது. ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1941இல் எழுதிய நூலில், நீரில் கரைந்த சர்க்கரை அடியோடு இல்லாமற் போய்விட்டதாகச் சிறு குழந்தைகள் கூறுவதைப் பதிவுசெய்தனர். பிற்காலத்து ஆய்வுகள் இதனைப் பெரிதும் திருத்தின. மைக்கேல் சீகலும் டேவிட் ஷேரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான்பூச்சி மிதந்த பானத்திலிருந்து அப்பூச்சியை எடுத்துவிட்ட பிறகும் அது குடிக்கத் தக்கதன்று என்பதை மூன்று வயதுக் குழந்தைகளே பெரும்பாலும் உணர்ந்திருந்தனர். 1993இல் டெர்ரி ஆவும் குழுவினரும் செய்த சோதனைகள், கரைந்த பொருள் காணமுடியாத நுண்துகள்களாக நீருக்குள் தொடர்ந்து இருக்கிறது என்னும் கருத்தைப் பள்ளி செல்லாப் பருவத்தினரும் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதைக் காட்டின. அறிவின் விதை இருக்கிறது. அதைத் தூண்டும் உவமைதான் வேண்டும்.

அந்த உவமை மரக்காணத்துக் கரையில் பாத்தி பாத்தியாகக் கிடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் முக்கால் பங்குக்குச் சற்று மேல் சோடியம் குளோரைடு, அதாவது சோற்றுக்கு இடும் உப்பு. உவர்நீர் பாத்தி மாறிப் பாத்தி சென்று வெயிலிலும் காற்றிலும் சுண்டிச் சுண்டி, ‘பாமே’ என்னும் அடர்த்தி அளவையில் 3 பாகை அளவிலிருந்து 25 பாகையைத் தொடும்போது உப்பு படியத் தொடங்குகிறது; அதற்கு முன்பே சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்து விலகிவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்று, வாரிக் குவித்த உப்பின்மேல் கீற்றோ தார்ப்பாயோ மூடப்படுவதைக் காணும் குழந்தைக்கு, உப்பு நீரிலிருந்து வந்தது என்பதும் மழை பட்டால் நீருக்கே திரும்பிவிடும் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. எனவே அக்குழந்தைக்கான கை கழுவும் புத்தகம் பேயில் தொடங்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் ஒரு குவளைத் தெளிந்த நீர். அடுத்ததில் அதை நாவில் வைத்து முகம் சுளிக்கும் சிறுமி. அதற்கடுத்து மொட்டை மாடித் தட்டில் ஊற்றிய அதே நீர், வெயில், மாலையில் தட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடு. ‘தெரியவில்லை, ஆனால் இருந்தது’ என்னும் கருத்து இவ்வளவில் ஊன்றிவிடும். அதன்பின் கழிப்பறைக்குச் சென்று வந்த ஒரு கையை வெறுங்கையாகவே, அழுக்கின்றி, கொம்பின்றி வரைந்து காட்டினாலும் அதில் ஏதோ இருக்கக்கூடும் என்பதை நம்பக் குழந்தை அணியமாயிருக்கும்.

உவமை ஓரிடத்தில் முடிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உப்பு உயிரற்றது, தட்டில் இருந்த உப்பு மறுநாள் இரட்டிப்பாவதில்லை. கிருமியோ உயிருள்ளது, தின்கிறது, பெருகுகிறது, சாகிறது. இந்த வேறுபாடு சிறியதன்று. ஹாங்காங்கில் டெர்ரி ஆவும் பிறரும் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், சளிக் காய்ச்சல் கிருமிகள் உயிருள்ளவை, உடலுக்குள் பெருகுபவை, உடலுக்கு வெளியே மடிபவை என்று காரணத்தோடு கற்ற குழந்தைகள், செய்யத்தக்கது தகாதது என்ற பட்டியலை மட்டும் கற்ற குழந்தைகளைவிட, உண்பொருளைத் தொடுவதற்கு முன் கையைத் தூய்மை செய்வதில் முந்தியிருந்தனர். கட்டளையைவிடக் காரணம் வலியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆகவே புத்தகத்தின் பிற்பகுதியில் வேறொரு வீட்டு உவமை வர வேண்டும். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு விடியலில் பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி நிற்பதைக் காணாத தமிழ்க் குழந்தை இல்லை, அதைப் பொங்கவைத்தவையும் நுண்ணுயிர்களே. நுண்ணுயிர் எல்லாம் பகையல்ல என்ற கூடுதல் உண்மையும் இதனால் செலவின்றிக் கிடைத்துவிடுகிறது.

உப்பு பற்றிய பேச்சு எழுந்தபின் அயோடினைத் தாண்டிச் செல்ல இயலாது. தைராய்டு சுரப்பி சுரக்கும் இயக்குநீருக்கு அயோடின் இன்றியமையாதது. அது குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றுவதோடு, கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சியும் குன்றும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 90 மைக்ரோகிராம், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை 120 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கடலில் அயோடின் உண்டு என்பதால் கடல் உப்பிலும் அது நிறைந்திருக்கும் என்று கருதுவது இயல்பு. உண்மையில் பாத்தியில் படியும் உப்பில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம், ஆகையால்தான் பொட்டாசியம் அயோடேட்டைத் தனியே தெளித்துக் கலக்கிறார்கள். இந்திய விதிகளின்படி வாங்கி உண்போரிடம் சேரும்போது அயோடின் அளவு பத்து இலட்சத்தில் 15 பங்குக்குக் குறையாதிருக்க வேண்டும். உப்பளத்துக்கு அருகிலேயே வாழும் குடும்பம் அளத்திலிருந்து நேரே கொணர்ந்த கல்லுப்பை ஆளும்போது இந்தப் பாதுகாப்பு கிட்டுவதில்லை. உப்பு விளையும் ஊரில் உப்பின் நன்மை குறைவது விந்தையே. பொட்டலத்து உப்பின்மேல் அரசு அச்சிடச் செய்த ‘சிரிக்கும் சூரியன்’ சின்னம், எழுத்தறியாதவரும் அயோடின் கலந்த உப்பை இனங்காண்பதற்காக ஆக்கப்பட்டது. படிக்கத் தெரியாத குழந்தையும் கடையில் அதைக் கண்டுபிடித்துத் தாயிடம் காட்டக்கூடும் என்பதால், நலக்கல்விக்கென ஆன படங்களுள் மிகச் சிக்கனமானது அதுவே எனலாம். பரிசோதனைக் கரைசலின் ஒரு துளி பட்டதும் அயோடின் உப்பு நீல ஊதாவாக மாறுவதையும் புத்தகத்தின் ஒரு பக்கமாக்கினால், காணாத பொருள் நிறமாக வெளிப்படும் இரண்டாவது காட்சி குழந்தைக்குக் கிடைக்கும்.

சோப்பு நுரையிலும் இவ்வூருக்கென ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. படப்புத்தகங்களில் கை கழுவுதல் என்றால் தாள் முழுக்க நுரைக்குமிழிகள். சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு. நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து நுரைக்காமல் வெண்கசடாகத் திரிகிறது, சாதாரண உப்பு மிகுந்த நீரிலும் அது சரிவரக் கரைவதில்லை. சோப்புத் தயாரிப்போர் கரைசலிலிருந்து சோப்பைப் பிரித்தெடுக்க உப்பையே கொட்டுவது இதே காரணத்தால்தான். கடலோரத்து நிலத்தடி நீரில் உவர்ப்பேறிய இடங்களில் இறைத்த நீரைக் கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் படத்திலுள்ள நுரை வராதபோது, புத்தகம் பொய் சொல்கிறது என்றோ தன் வீட்டு நீர் எதற்கும் உதவாது என்றோ குழந்தை எண்ணிவிடும். கையைத் தூய்மையாக்குவது நுரையன்று. அழுக்கையும் எண்ணெய்ப்பசையையும் பிரித்தெடுக்கும் சோப்பும், இருபது வினாடித் தேய்ப்பும், அவற்றை அடித்துச் செல்லும் நீருமே ஆகும். ஆகவே ஓவியர் குமிழிகளைக் குறைத்து, விரலிடுக்கு, புறங்கை, கட்டைவிரல், நகக்கண் எனத் தேய்க்க வேண்டிய இடங்களை அடுத்தடுத்த கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்ணிக்கை ஒன்றைச் சேர்ப்பது உள்ளூர் நீருக்கு நேர்மையானது.

உணவைப் பொறுத்தவரை படத்தின் ஆற்றலுக்குச் சான்றுகள் வலுவானவை. புதிய உணவைக் கண்டு அஞ்சி விலகும் இயல்பு இரண்டு வயதை ஒட்டி வலுப்பெறுகிறது. அறியாத இலையைத் தின்றுவிடாமல் காத்த பழைய எச்சரிக்கை உணர்வின் எச்சமாக அறிவியலார் இதனைக் கருதுகின்றனர். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப்பா ஹீத், கார்மெல் ஹூஸ்டன்-பிரைஸ் முதலியோர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை நெருங்கிய குழந்தைகளுக்குப் பழகாத ஒரு காயைப் பற்றிய படப்புத்தகத்தைப் பெற்றோர் இரண்டு வாரம் நாள்தோறும் காட்டிவந்தபின், அக்காயைச் சுவைத்துப் பார்க்கக் குழந்தைகள் கூடுதலாக முன்வந்தனர். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சாரா கிரிப்ஷோவரும் எலன் மார்க்மனும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி மேலே சென்றது. உணவில் கண்ணுக்குத் தெரியாத சத்துகள் பலவகை உண்டு, உடல் அவற்றைப் பிரித்தெடுக்கிறது, ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு சத்து வேண்டும் என்பவற்றை விளக்கும் ஐந்து கதைப்புத்தகங்களை மழலையர் பள்ளிச் சிறுவர்களுக்குப் படித்துக்காட்டியபோது, சிற்றுண்டி வேளையில் அவர்களாகவே எடுத்து உண்ட காய்கறியின் அளவு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இங்கும் வென்றது காணாததைப் பற்றிய விளக்கமே.

எந்தக் காய், எந்த உணவு என்பதில்தான் தமிழ்ப் படப்புத்தகங்கள் தடுமாறுகின்றன. சிவந்த ஆப்பிளும் பச்சைப் பிராக்கோலியும் கண்ணுக்கு அழகு. தட்டில் வருபவை முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் பூசணியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றோடு காய்கறிச் சாம்பார் வழங்கப்படுகிறது. அந்தச் சாம்பாரிலிருந்து ஒதுக்கி வைக்கப்படும் கேரட்டும் பீன்சுமே புத்தகத்தின் நாயகர்களாக வேண்டியவை. ஊர்ப்பெயரை நினைவூட்டும் கூனி என்னும் பொடி இறாலைக் கடலோர மக்கள் காயவைத்துத் தொக்காகவும் பொடியாகவும் உண்கிறார்கள். ஓட்டோடு உண்ணப்படுவதால் கால்சியமும் தருகிற அந்த உணவுக்குப் பாடநூலின் ‘சத்துணவு’ப் படங்களில் இடம் கிடைப்பதில்லை. தன் வீட்டு உணவு அச்சில் வரும் தகுதி உடையதன்று என்ற எண்ணத்தைக் குழந்தைக்கு ஊட்டுவதும் ஒருவகைத் தீய பழக்கமே.

அறிவு செயலாவதற்கும் செயல் பழக்கமாவதற்கும் இடையே இன்னும் ஒரு கடவை இருக்கிறது. பழக்கம் என்பது யோசிக்காமல் நிகழ்வது. குறிப்பிட்ட இடமோ வேளையோ முந்தைய செயலோ அதைத் தூண்டிவிடுகிறது. வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் ராபர்ட் டிரைபெல்பிஸும் குழுவினரும் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை வண்ணப் பாதையும் பாதச்சுவடுகளும், கழுவும் தொட்டியில் கைச்சுவடுகளும் வரையப்பட்டன. அறிவுரை எதுவும் வழங்கப்படவில்லை. சோப்பிட்டுக் கழுவுவோர் நூற்றுக்கு 4 பேராக இருந்தது மறுநாளே 68 ஆகி, ஆறு வாரம் கழிந்தும் 74 ஆக நின்றது. படம் தாளை விட்டிறங்கித் தரையில் வந்து நின்றதன் விளைவு இது. கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூசையறைவரை மாவால் சிறு பாதங்கள் இடும் தமிழ் வீடுகளுக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது. கூனிமேட்டின் இசுலாமியச் சிறுவர்களிடமோ இதற்கு நிகரான ஒன்று ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது: தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்னும் வரிசை மாறுவதில்லை, வேளையும் தவறுவதில்லை. கிருமியைப் பற்றி ஒரு சொல்லும் கேளாத காலத்திலிருந்தே தலைமுறை தலைமுறையாக நிலைத்துள்ள இவ்வரிசை, தூண்டுதலும் ஒழுங்கும் சேர்ந்தால் பழக்கம் எப்படி உறுதிப்படும் என்பதற்குப் பாடம். ஒளு சோப்பைக் கோருவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்போடு கூடிய ஒரு வரிசையைக் குழந்தை கற்றுக்கொள்ள அது நல்ல ஏணியாக அமையும்.

படிப்பவர் இன்றிப் படப்புத்தகம் அரைப் பொருளே. குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988இல் அறிமுகப்படுத்திய ‘உரையாடல்வழி வாசிப்பு’ முறையில், பெரியவர் கதையைச் சொல்லி முடிப்பதில்லை. ‘இது என்ன’, ‘இவள் ஏன் முகம் சுளிக்கிறாள்’, ‘நீயாக இருந்தால் என்ன செய்வாய்’ என்று கேட்டுக் கேட்டுக் குழந்தையையே கதைசொல்லியாக்குகிறார். ஒரு மடியில் ஒரு குழந்தை என்னும் நிலைக்கு ஏற்ற இம்முறையை, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் ஒரு பணியாளர் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளோடு அப்படியே கையாள்வது அரிது. சுவரில் மாட்டத்தக்க பெரிய அளவுப் படங்களும் சிறு குழுக்களும் அங்கே வேண்டும். பள்ளி வயதினருக்கு மரக்காணம் வட்டாரமே ஒரு தொடக்கப் புள்ளியாக இருந்திருக்கிறது: பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மாலை வேளையில், குடியிருப்புக்கு அருகில், ஊரறிந்த தன்னார்வலர் ஒருவரைச் சுற்றிச் சில குழந்தைகள் என்ற அந்த அமைப்பு, உரையாடல்வழி வாசிப்புக்கெனவே அளந்து தைத்த சட்டைபோல இருந்தது. 2023இல் தொடங்கிய ‘வாசிப்பு இயக்கம்’ தன் சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளாக வகுத்தது. நூல்களுக்கும் முன்போல் பஞ்சமில்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப்புத்தகம் வெளியிடுகிறது, பிரதம் புக்ஸ் 2015இல் திறந்த ‘ஸ்டோரிவீவர்’ தளத்திலுள்ள கதைகளை எவரும் கட்டணமின்றி மொழிபெயர்க்கவும் மாற்றவும் அச்சிடவும் உரிமை உண்டு. குடத்தையும் உப்பளத்தையும் கதைக்குள் கொண்டுவர விரும்பும் ஆசிரியருக்குச் சட்டத்தடை ஏதுமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் புத்தகத்தின் எல்லையை மறைக்கலாகாது. தமிழகத்தை ஒட்டிய சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ‘சூப்பர் அம்மா’ ஆய்வில், சுகாதார அறிவுரையை விடுத்துத் தாய்மையின் பெருமிதத்தையும் அருவருப்பு உணர்வையும் கதையாலும் அசைபடத்தாலும் தொட்டபோது, முக்கிய வேளைகளில் சோப்பிட்டுக் கை கழுவுதல் நூற்றுக்கு 1 என்ற நிலையிலிருந்து ஆறு மாதத்தில் 37 ஆக உயர்ந்தது. ஒப்பீட்டு ஊர்களில் அது 6 மட்டுமே. பெரிய வெற்றிதான்; ஆனாலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு வேளை கழுவப்படாமலே கடந்தது. ஸ்டீபன் லூபியும் குழுவினரும் கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததற்கு, வாரந்தோறும் வீடு தேடி வந்த களப்பணியாளரின் படவிளக்கங்கள் ஒரு காரணம். அவர்கள் கையோடு கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்த சோப்பு மற்றொரு காரணம். எனவே அங்கன்வாடிப் பணியாளருக்கும் மாலை வகுப்புத் தன்னார்வலருக்கும் ஒரு வேண்டுகோள்: கை கழுவும் கதையைப் படிக்கப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் குவளையும் நீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரவும்.